பூல்மணிக்காக ஒரு மன்றாட்டு

வந்த முதல் வாரம் முழுவதும் அந்தப் பிள்ளை செருப்போடுதான் தூங்கியது.

கட்டிலில் மெத்தை விரித்து, மெர்வின் சின்ன வயதில் போர்த்திய போர்வையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள் ஆனிமேரி. பிள்ளை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாசல் கதவை ஒட்டி, தரையில் சுருண்டுகொண்டது. காலில் செருப்பு. தலைமாட்டில் ஒரு கேரி பேக். அதற்குள் குழந்தைகள் இல்லத்தில் கொடுத்த இரண்டு கவுனும் ஒரு சோப்பும். யாராவது எழுப்பினால் அப்படியே எழுந்து ஓடிவிடலாம் என்கிற மாதிரி ஒரு படுக்கை.

"செருப்பக் கழட்டிட்டுப் படுக்கச் சொல்லுங்களேன்" என்றாள் கணவரிடம்.

ஞானமுத்து ரயில்வேயில் இருந்தபோது சில வருஷம் நாக்பூர் பக்கம் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் இந்திக்கு அவரை விட்டால் ஆளில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்குத் தெரிஞ்ச இந்தி பூராம் வண்டி எப்ப வரும், எம்புட்டு லேட்டு, எந்த பிளாட்பாரம், அம்புட்டுத்தான் மேரி. செருப்புக்கு என்னன்னு சொல்லுவேன்?"

"அப்ப வண்டி இப்போதைக்கு வராதுன்னு சொல்லுங்க. கழட்டிட்டுத் தூங்கட்டும்."

அவர் நிஜமாகவே அதைச் சொன்னார். பிள்ளை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பின் வாரை இன்னும் இறுக்கிக்கொண்டது.

பெயர் பூல்மணி. ஒன்பது வயதோ பத்து வயதோ இருக்கும். ஒடிசாவில் ஏதோ மலைப்பக்கம் ஊர். அதன் பாஷை ஒரியாவும் இல்லை, இந்தியும் இல்லை. இந்தி கொஞ்சம் புரியும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், தேனி பஸ் நிற்கிற இடத்தில் தூணைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்ததாகவும், பக்கத்து டீக்கடைக்கார அம்மா குழந்தைகள் உதவி எண் பத்து ஒன்பது எட்டுக்குப் போன் பண்ணியதாகவும் சொன்னார்கள். யாரோடு வந்தாய், எப்படி வந்தாய் என்று கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தை பதில் இல்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்து மதுரையில் நர்சிங் படிக்கிற ஒரு கன்னியாஸ்திரியைக் கூட்டி வந்து அவளுடைய பாஷையிலேயே பேச வைத்துப் பார்த்தார்கள். பெயரை மட்டும் சொன்னாள். ஊர்ப் பெயரைப் பாதி சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

குழந்தைகள் நலக் குழுவினர், வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறவரை இவள் இல்லத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இருப்பதைவிட ஒரு குடும்பத்தில் இருந்தால் நல்லது என்று முடிவு செய்தார்கள். ஆனிமேரியின் பெயரைச் சொன்னது சத்யப்ரியா. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். ஆனிமேரி கிளார்க்காக இருக்கிற மிஷன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள்.

சத்யப்ரியா அவளை நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பள்ளிக்கூட விடுதியில் ஒவ்வொரு மே மாத லீவுக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போக யாரும் வரமாட்டார்கள். வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிற வேலை ஆபீஸ் கிளார்க்குக்கு. மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் எடுக்கமாட்டார்கள். பெட்டியைக் கட்டி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் போய் "யாரும் எடுக்கலத்தா" என்று சொல்லும் கொடுமையைச் சகிக்காமல், கல்யாணமான மூன்றாம் வருஷமோ என்னமோ, ஒரு பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அதிலிருந்து அது ஒரு பழக்கம். ஞானமுத்து முதலில் முணுமுணுத்தார். பிறகு மே மாதம் பிறந்தால் அவரே மாம்பழம் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார். மகன் மெர்வின் வேலைக்குப் பெங்களூர் போன பிறகு வீடு வேறு காலியாகக் கிடந்தது.

"இது லீவுக்கு வர்ற பிள்ளை மாதிரி இல்ல மிஸ்" என்று சத்யப்ரியா முதலிலேயே சொன்னாள். "போட்டோ எடுக்கக் கூடாது. பேரு, ஊரு, எங்க கிடைச்சா, எதையும் யார்ட்டயும் சொல்லக் கூடாது. கூட்டிட்டு வந்தவங்க யாருன்னே நமக்கு இன்னும் தெரியல. தேடிக்கிட்டு இருப்பாங்க."

"கேட்டா என்ன சொல்ல?"

"சொந்தக்காரப் பிள்ளைன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னாள். தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிற ரெங்கம்மாள் மட்டும் சிரித்தாள். "ஒங்க சொந்தக்காரவுக இந்தியில பேசுறாகளே டீச்சரம்மா." ஆபீஸ் கிளார்க்கானாலும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பொம்பளை ரெங்கம்மாளுக்கு டீச்சரம்மாதான். "வடக்க கட்டிக் குடுத்துட்டோம்" என்றாள் ஆனிமேரி. "நல்லாக் கட்டிக் குடுத்திய" என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள்.

பிள்ளை சாப்பிடுவது பெரிய பாடாக இருந்தது. புளிக்குழம்பின் வாசனையே பிடிக்கவில்லை. இட்லியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடும். ஒருநாள் காலையில் ஞானமுத்து பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றது. அவர் கும்பாவை நகர்த்தினார். தன் வீட்டுச் சாப்பாட்டைக் கண்டதுபோல அவ்வளவையும் குடித்துவிட்டு, அடியில் கிடந்த வெங்காயத்தைத் தேடி எடுத்துக் கடித்தது. "அட, ஒடிசாவும் நம்ம பக்கந்தான் போல" என்றார் அவர். அன்றிலிருந்து அவருக்குச் சோறு மிஞ்சுவதில்லை.

இன்னொரு நாள் தானாகவே பாத்திரம் கழுவ உட்கார்ந்தது. ஆனிமேரி தேங்காய் நாரைக் கையில் கொடுத்தாள். பாம்பைத் தொட்டதுபோல உதறி எறிந்துவிட்டுக் கொல்லைச் சுவரோரம் போய் நின்றுகொண்டது. ஆனிமேரி அதை எடுத்துக் கொல்லை மூலையில் போட்டாள். கடைக்குப் போய்க் கம்பி நார் வாங்கி வந்தாள். நாரைப் பார்த்து ஏன் அப்படிப் பயப்பட வேண்டும் என்று ராத்திரி படுக்கையில் கொஞ்ச நேரம் யோசித்தாள், காலையில் மறந்துபோனது.

இரண்டாம் வாரக் கடைசியில் செருப்பு காலை விட்டுக் கையருகே வந்தது. அதுவே போதும் என்று இருந்தது ஆனிமேரிக்கு. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது.

திருநகரில் பக்கத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு. அந்த வாரம் ஆனிமேரி வீட்டு முறை. கூட்டத்தை நடத்துகிற பிலோமி அக்காவுக்கு மன்றாட்டு பொத்தாம்பொதுவாக இருந்தால் ஆகாது. "பேரச் சொல்லிக் கேளுங்கப்பா. என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி, எல்லாஞ் சொல்லுங்க. விலாசம் இல்லாத கடுதாசி யாருக்குப் போகும்?" என்பாள். அதனால் அந்தத் தெருவில் யாருக்கு என்ன ஆபரேஷன், யார் மகளுக்கு எந்த இடத்தில் மாப்பிள்ளை பார்த்துத் தட்டிப்போனது என்பதெல்லாம் ஆண்டவருக்கும் அன்பியத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆனிமேரியின் முறை வந்தது. பிள்ளை மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. "ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தனியாகத் தவித்து நின்று எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிற பூல்மணி தன் தாயிடம் போய்ச் சேர வேண்டும் என்று..." அவள் சொல்லி முடித்தாள். எல்லாரும் "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் சாமியிடம் சொல்வதை, சொல்வது என்று யார் நினைப்பார்கள்?

பிலோமி அக்கா வழக்கம்போலக் கூட்டத்தைப் போட்டோ எடுத்தாள். மறுநாள் காலை அந்தப் படம் அன்பியத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. நடுவில் பூல்மணி, பின்னால் மாதா படம். கீழே கும்பிட்ட கை எமோஜிகள் வரிசையாக. "ஆரப்பாளையத்தில் அனாதையாக நின்ற இந்த ஒடிசா குழந்தை பூல்மணி நம் திருநகர் ஆனிமேரி இல்லத்தில் உள்ளது. தாய் கிடைக்கும் வரை செபியுங்கள். பகிருங்கள்."

பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து அதைப் படித்ததும் ஆனிமேரி சட்டென்று எழுந்தாள். வெளியே வந்து போன் போட்டாள்.

"அக்கா, அந்தப் படத்த எடுத்துருங்க. போடக் கூடாதுக்கா அது."

"ஏண்டி? நல்ல காரியம்தான? நம்ம பங்குக் கோயில் குரூப்பு, மறைமாவட்ட செப குரூப்பு, எல்லாத்துலயும் போட்டுட்டேன். எம்புட்டுப் பேரு ஆமென் போட்ருக்காக தெரியுமா?"

"சட்டப்படி தப்புக்கா. ஒடனே டெலிட் பண்ணுங்க."

"சரி, பண்றேன். அதுக்கு ஏன் இப்படிப் பதறுற?"

அரை மணி நேரம் கழித்து, "டெலிட் பண்ணிட்டேன்" என்று செய்தி வந்தது. ஆனிமேரி குரூப்பைத் திறந்தாள். படம் அப்படியே இருந்தது. பிலோமி அக்கா தன் போனில் மட்டும் அழித்திருக்கிறாள். மறுபடி கூப்பிட்டுச் சொன்னாள். "இப்ப என் போன்ல அது இல்லயேம்மா. இல்லாதத எப்படி அழிக்க?" என்றாள் அவள். நியாயமான கேள்விதான்.

சத்யப்ரியாவிடம் சொல்ல வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. போனை எடுத்தாள், வைத்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். பிள்ளையை அன்றைக்கே கூட்டிப்போய்விடுவார்கள். செருப்பு இப்போதுதான் காலைவிட்டு இறங்கியிருக்கிறது. மறுபடி ஒரு புது இடம், புது முகம், மறுபடி வாசலோரம். செபம் பண்ணுகிறவர்கள் குரூப்புதானே, அதில் யார் கெட்டவன் இருக்கப்போகிறான்? நாலு நாள் போனால் நூறு குட்மார்னிங்குக்கு அடியில் அந்தப் படம் அமுங்கிப்போகும். பார்ப்போம் என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தேய்த்த துணியைக் கொண்டுவந்த ரெங்கம்மாள் உடனே போகாமல் நின்றாள்.

"டீச்சரம்மா, மத்தியானம் ஒருத்தன் பைக்குல வந்து விசாரிச்சான். வடநாட்டுப் பிள்ளை எந்த வீட்ல இருக்குன்னு."

ஆனிமேரி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "நீ என்ன சொன்ன?"

"வடநாட்டாளுக பூராம் அங்கிட்டு மார்பிள் கடைப்பக்கம் இருப்பாய்ங்கன்னு கையக் காட்டிவிட்டேன். அவன் போனாப்ல தெரியல. திரும்பத் திரும்ப இந்தத் தெருவத்தான் பாத்தான்."

அன்று முதல் கேட்டைப் பகலிலும் பூட்டினாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். ஞானமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் பொண்ணுக்குப் போனப் போடு மேரி." "கூட்டிட்டுப் போயிருவாகங்க." "போனாப் போகட்டும். இங்கன வச்சு நாம என்ன, துப்பாக்கியா வச்சிருக்கோம்?" "நாளைக்குச் சொல்லிருவேன்." ஜன்னல் வழியாகத் தெருவில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். பால்காரன், கேஸ்காரன், எதிர்வீட்டுப் பையன். பிள்ளை அவள் பார்ப்பதைப் பார்த்தது. அன்று செருப்பு மறுபடி காலுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் ஞானமுத்து கறி வாங்கப் போனார். இரண்டு கையிலும் பை, குடை. கேட்டைப் பூட்டாமல் சும்மா கொண்டி போட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பைக் வந்து நின்றது.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் விபூதி. முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டான்.

"வணக்கம்க்கா. ஆனிமேரி டீச்சர் வீடுதான?"

"நீங்க யாரு?"

"கொட்டாம்பட்டிப் பக்கம்க்கா நமக்கு. செல்வக்குமார்னு பேரு. நார் மில்லுல சூப்பர்வைசர். எங்க மில்லுப் பிள்ளை ஒண்ணு காணாமப் போயி, ஒங்க வீட்ல பத்திரமா இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடணும்க்கா."

"அப்படி யாரும் இங்க இல்ல."

அவன் சிரித்தான். போனை எடுத்துக் கேட்டுக் கம்பி வழியாக நீட்டினான். பிலோமி அக்கா எடுத்த படம். "இது அந்த மாதா படம்தானக்கா?" என்று அவளைத் தாண்டித் திறந்த கதவுக்குள் கையைக் காட்டினான். "எங்க லோடு வண்டி டிரைவர் சர்ச்சுக்குப் போறவரு. அவர் போனுக்கு வந்துச்சு. சாமியாப் பாத்துக் காட்டுனதுதான்."

"எதுவா இருந்தாலும் ஆபீஸுக்குப் போய்ப் பேசுங்க. எங்கிட்டப் பேச ஒண்ணும் இல்ல."

"ஆபீஸு, கேஸுன்னு எதுக்குக்கா? பிள்ளையோட அக்காவே அங்க அழுதுகிட்டு இருக்கு. நீங்களே பாருங்க."

வீடியோ கால் போட்டு ஸ்பீக்கரை முழுக்க வைத்தான். திரையில் பதினைந்து பதினாறு வயதுப் பெண். தலை, புருவம் எல்லாம் பழுப்புத் தூசி. பின்னால் கூரை உயரத்துக்குத் தேங்காய் நார்க் குவியல். யாரோ பக்கத்திலிருந்து ஏதோ அதட்ட, அந்தப் பெண் "பூல்மணி... பூல்மணி..." என்று கூப்பிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து "தீதி!" என்று ஒரு சத்தம். அக்காவைக் கூப்பிடுகிற சத்தம். ஆனிமேரி திரும்புவதற்குள் பிள்ளை கேரி பேக்கும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டது. குறுக்கே பாய்ந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தாள். பிள்ளை திமிறியது, உதைத்தது, முன்கையில் பல் இறங்கும்படி கடித்தது. ஆனிமேரி விடவில்லை. அவன் நிதானமாகக் கம்பிக்கு மேல் கையை விட்டுக் கொண்டியைத் தூக்கினான்.

"பாத்தியளா, அதுவே வருது. வர்ற பிள்ளையப் பிடிச்சு வைக்கிறதுக்குப் பேரு என்னக்கா?"

அந்த நேரம் தடதடவென்று ஒரு சத்தம். ரெங்கம்மாள் தன் தள்ளுவண்டியை, கரி கனிந்த இஸ்திரிப்பெட்டியும் துணிமூட்டையுமாக, தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து கேட்டோடு சேர்த்து இடித்து நிறுத்தினாள். வெளிப்பக்கமாகப் பாதி திறந்த கேட்டு அவன் கையைத் தட்டிவிட்டு மூடிக்கொண்டது.

"ஏ ஆத்தா, வண்டிய எடு."

"அங்க வெயிலு தாங்கல தம்பி. இந்த வேப்பமரத்து நெழல்ல நாலு சட்டையத் தேச்சுட்டுப் போயிர்றேன்." அவள் ஒரு சட்டையை உதறி விரித்துப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொறி தெறிக்கும்."

ஆனிமேரி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தபடி மறு கையால் சத்யப்ரியாவுக்குப் போன் போட்டாள். "ஆள் வந்திருக்கான். இங்க நிக்கிறான். போலீஸோட வா" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறினான். ஏறி உட்கார்ந்த பிறகு, கும்பிட்டபோது இருந்த அதே குரலில் சொன்னான்:

"அப்ப அதுட்டச் சொல்லிருங்கக்கா. இனிமே அக்காவத் தேட வேண்டாம்னு."

சத்யப்ரியா அந்தக் கன்னியாஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பூல்மணி இந்த முறை பேசினாள். பேச்சா அழுகையா என்று தெரியாமல் கொட்டியது. ஊரிலிருந்து ஒரு ஆள் அக்காவையும் அவளையும் வேறு பிள்ளைகளையும் ரயிலில் கூட்டிவந்தான். நார் மில்லில் வேலை. ஒருநாள் அக்காதான் கடைக்குப் போகிற மாதிரி வெளியே அனுப்பி, வருகிற பஸ்ஸில் ஏறிப் போய்விடு என்றாள். பஸ் மாறி மாறி ஆரப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தாள். யாரிடமாவது பேசினால் அக்காவை அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

ஆனிமேரி கொல்லையில் கிடந்த அந்தத் தேங்காய் நாரை நினைத்துக்கொண்டாள்.

"எப்படி மிஸ் வீட்டக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டாள் சத்யப்ரியா.

ஆனிமேரி சொன்னாள். மன்றாட்டை, படத்தை, பிலோமி அக்கா அழித்த லட்சணத்தை, ரெங்கம்மாள் வந்து சொன்னதை. ஒன்றையும் விடவில்லை. குறைத்துச் சொல்ல இது நேரமில்லை என்று தெரிந்திருந்தது.

"அப்ப வியாழக்கிழமையே ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." சத்யப்ரியா அதை முடிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பள்ளிக்கூடத்தில் சடை சரியில்லை என்று ஆனிமேரியிடம் திட்டு வாங்கிய பிள்ளை அது. முடிக்காமல் விட்டதற்குப் பதிலாக நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கொட்டாம்பட்டிக்குப் போலீஸும் தொழிலாளர் துறை ஆட்களும் கிளம்பிப் போனார்கள். சத்யப்ரியா இவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து போனைக் காதைவிட்டு எடுக்காமல் இருந்தாள். ஞானமுத்து வாங்கிவந்த கறி அடுப்பங்கரை மேடையில் அப்படியே கிடந்து ஈ மொய்த்தது. மத்தியானம் போன் வந்தது. கேட்கக் கேட்கச் சத்யப்ரியாவின் முகம் மாறியது.

"ஷெட்டு காலி. துணி கொடியில ஈரமாத் தொங்குதாம். அடுப்புல சோறு பாதி வெந்தது அப்படியே இருக்காம். இப்பத்தான் கிளப்பிட்டுப் போயிருக்காங்க."

பூல்மணி எல்லார் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. பிறகு ஞானமுத்துவிடம் போய், அவருக்குத் தெரிந்த இந்தியிலேயே கேட்டது. தீதி எப்போது வரும்? அவர் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர். "லேட்டு" என்றார். "கொஞ்சம் லேட்டு. வந்துரும்." சொல்லிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

ஆனிமேரி மாதா படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது கேட்க வேண்டியிருக்கும்; கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு அவள் கடத்திய இரண்டு நாளில் அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்திருக்கலாம். கடிபட்ட இடத்தில் மஞ்சள் வைக்கச் சொல்லி ரெங்கம்மாள் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். வைக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் தகவல் வந்தது. திருச்சி ரோட்டில் துவரங்குறிச்சி தாண்டி ஒரு வேனை மறித்திருக்கிறார்கள். தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து பிள்ளைகள். அதில் ஒன்று, தன் பெயரைச் சொல்லும் முன்னாலேயே, "பூல்மணி எங்கே" என்று கேட்டதாம்.

சத்யப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஆனிமேரி பக்கம் திரும்பினாள்.

"இவள இங்க வைக்க முடியாது மிஸ். ஒங்களுக்கே தெரியும். ரெண்டு பேரையும் ஒண்ணா வேற இடத்துல வைக்கப் போறோம். வீட்டு ஆளுகளத் தேடி, ஊருக்கு அனுப்புற வரைக்கும்."

"எங்க?"

"கேக்காதீங்க."

ஆனிமேரி தலையாட்டினாள். "என் பேரு? இனி எங்கிட்டப் பிள்ளை எதுவும் குடுக்கமாட்டீங்கள்ல?"

"அது நான் முடிவு பண்றதில்ல. குழுவுல ஒங்களக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நடந்தத நான் எழுதத்தான் செய்யணும்."

"எழுது. சடை மாதிரி அரைகுறையா எழுதாத. பூராம் எழுது."

சத்யப்ரியா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அக்காவிடம் போகிறோம் என்று தெரிந்ததும் பூல்மணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேரி பேக்கில் கவுனை அடைத்தது. சோப்பை எடுத்தது. மெர்வினின் போர்வையை ஆனிமேரி மடித்து நீட்டியபோது வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டது. காலில் செருப்பு ஏற்கெனவே இருந்தது. சத்யப்ரியாவின் அலுவலக வேனில் ஏறி முன் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்ததோடு சரி. வேன் திருப்பத்தில் மறைகிறவரை பின்னால் பார்க்கவே இல்லை.

"திரும்பிக்கூடப் பாக்கல பாரேன்" என்றார் ஞானமுத்து.

"அக்காகிட்டப் போற பிள்ளை நம்மள எதுக்குங்க பாக்கணும்? கேட்டப் பூட்டுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அன்பியம் பிலோமி அக்கா வீட்டில். போகவேண்டாம் என்றுதான் ஆனிமேரி நினைத்தாள். போகாவிட்டால் அதற்கும் ஒரு மன்றாட்டு வைத்துவிடுவார்கள் என்று போனாள். விஷயம் அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. வாசலிலேயே பிலோமி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"பாத்தியாடி செபத்தோட வல்லமைய? அந்தப் படத்தப் போடாம இருந்திருந்தா அந்த அக்காப் பிள்ளை கிடைச்சிருக்குமா? இன்னைக்கு நீ சாட்சி சொல்லணும்."

ஆனிமேரி அவள் முகத்தைப் பார்த்தாள். கெட்ட மனசு கிடையாது. சொல்லிப் புரியவைக்க ஒரு ராத்திரி போதாது, புரிந்தாலும் தாங்கமாட்டாள். ஐந்து பிள்ளைகளைத் தார்ப்பாய்க்கு அடியில் போட்டுக்கொண்டு வேன் இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன சாட்சி சொல்லியிருப்போம் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. முழுக்கைச் சட்டைக்குள் பல்லின் தடம் இன்னும் எரிந்தது.

"சாட்சி வேண்டாம்க்கா. இன்னைக்குப் போட்டோவும் வேண்டாம்."

செபமாலை முடிந்து மன்றாட்டு ஒவ்வொருவராகச் சுற்றி வந்தது. எதிர்வீட்டுக்காரரின் கண் ஆபரேஷன், ஒரு பேரனின் நீட் தேர்வு, தண்ணீர் வராத போர்வெல். பெயர், ஊர், ஆஸ்பத்திரி, எல்லாம் விலாசத்தோடு. ஆனிமேரியின் முறை வந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் மனதில் உள்ள கருத்துக்காக" என்றாள்.

பிலோமி அக்கா மெல்ல முழங்கையால் இடித்தாள். "பேரச் சொல்லுடி."

ஆனிமேரி மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியும்க்கா."

பிலோமி அக்கா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஞானமுத்து, வண்டி கிளம்பியதை அறிவிக்கிற குரலில், "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.